ஒரு தாள் கனம்

கத்திரி தொடங்கி நான்காம் நாள் எங்கள் கூடத்து மின்விசிறி தளர்ந்துபோனது. அடியோடு நின்றிருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டிருப்பேன். அது நிற்கவில்லை. ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தாலும் கோயில் யானை காதை அசைப்பதைப் போல ஒரு நிதானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று மட்டும் கீழே இறங்கவில்லை. தெருமுனை எலக்ட்ரீஷியன் வந்தார், அண்ணாந்து பார்த்தார், “காயில் போய்விட்டது சார், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்” என்றார். ஏணியில்கூட ஏறவில்லை.

அப்பா வாங்கிப் போட்ட விசிறி. தூக்கிப்போட மனம் வரவில்லை. இறக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தேன்.

திருவல்லிக்கேணியில் கோடைக்காலத்தில் காயில் கட்டும் கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை. வார்னிஷ் வாசனை வந்தால் அந்தச் சந்துதான். பேட்டையில் இருக்கும் அத்தனை மேன்ஷன்களின் விசிறிகளும் ஏப்ரல், மே மாதங்களில் அங்கேதான் குவியும். நான் போனபோது வாசலில் இருபது முப்பது மோட்டார்கள், தேங்காய் மூடிகளைப் போலக் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே பாய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். உதடுகள் ஓசையில்லாமல் எண்ணிக்கொண்டிருந்தன. எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்பதால் நானும் வாய் திறக்காமல் நின்றேன். ஒரு காயில் முடிந்து, கம்பியை முறுக்கிவிட்டு, “சொல்லுங்கள் சார்” என்றார்.

“சுற்றுகிறது பாய், ஆனால் வேகம் இல்லை.”

“வைத்துவிட்டு உட்காருங்கள். கையில் இருப்பதை முடித்துவிடுகிறேன்.”

உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கம்பி தலைமுடியைப் போல இரண்டு மூன்று மடங்கு தடிமன் இருக்கும். எனாமல் பூசிய செம்பு. இரும்புத் தகடுகளை அடுக்கிச் செய்த வட்டத்தில் பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் இறங்கி அடுத்ததில் ஏறி, இப்படி நூற்றுக்கணக்கான சுற்றுகள் போட்டால் ஒரு காயில். வெளிவட்டத்தில் பதினான்கு, உள்வட்டத்தில் பதினான்கு. அடுத்தடுத்த காயில்களைத் திசை மாற்றி மாற்றி இணைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் விசிறி உறுமுமே தவிர ஓடாது. எல்லாம் முடிந்ததும் சுழலும் பாகத்தை மேலே கவிழ்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்தார். அசையாத வட்டத்துக்கும் சுழலும் வளையத்துக்கும் நடுவே அதை நுழைத்துச் சுற்றிலும் ஓட்டிப் பார்த்தார். எங்கும் சிக்கவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். அந்த டிக்கெட் சுற்றி வருவதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: கூரையிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் நடுவில் அசையாமல் நிற்கும் பாகத்துக்குத்தான் போகின்றன. சுற்றுகிற பாகத்துக்கு ஒரு கம்பிகூடப் போகவில்லை. தகட்டடுக்குக்குள் வார்த்த அலுமினியப் பட்டைகள், அவற்றை இரு முனையிலும் இணைக்கும் வளையங்கள், அவ்வளவுதான். அணில் கூண்டு என்று பாடநூலில் பெயர். சுற்றாத பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கிறோம். மின்சாரம் கொடுக்காத பாகம் சுற்றுகிறது. நடுவில் மடித்த டிக்கெட் கனத்துக்கு வெற்று இடைவெளி.

மின்சாரம் என்றால் குழாயில் தண்ணீர் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மின்னழுத்தம் மேல்நிலைத் தொட்டி, மின்னோட்டம் குழாயில் ஓடும் தண்ணீர், மின்தடை குழாயின் குறுக்கம். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு இந்த உவமை சட்டென்று பிடித்துப்போனது. அதுதான் வினை. குழாயை அறுத்தால் தண்ணீர் நின்றுபோக வேண்டும். இங்கே குழாயே இல்லாத இடத்தைத் தாண்டி எழுபது வாட் போகிறது. கல்லூரியில் இறுதியாண்டில் எங்கள் பேராசிரியர், மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய நான்கு சமன்பாடுகளை, மாக்ஸ்வெல் என்ற பிரிட்டன் இயற்பியலாளரின் பெயரில் வழங்குபவற்றை, கரும்பலகையில் எழுதி, “தேர்வில் நிச்சயம் வரும்” என்றார். வந்தது. எழுதினேன், மதிப்பெண்ணும் கிடைத்தது. அந்த நான்கும் எங்கள் கூடத்துக் கூரையில் தொங்குகின்றன என்று அன்று யாராவது சொல்லியிருக்கலாம்.

1820இல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் என்பவர் மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே திசைகாட்டியை வைத்தார், ஊசி திரும்பியது. மின்சாரமும் காந்தமும் வெவ்வேறு சாமான்கள் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. சில வாரங்களிலேயே பிரான்சில் ஆம்பியர் அதற்குக் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டார். மின்னோட்டத்தால் காந்தம் உண்டாகிறது என்றால் காந்தத்தால் மின்னோட்டம் உண்டாக வேண்டுமே என்று அதன் பின் பலர் தேடினார்கள். காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

வந்தது இங்கிலாந்தில் ஃபாரடேவுக்கு, 1831 ஆகஸ்ட் 29 அன்று. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய மனிதர், உயர்கணிதம் தெரியாது. ஆறு அங்குல அகலத்தில் ஓர் இரும்பு வளையம். அதன் ஒரு பாதியில் ஒரு செம்புச் சுருள், மறு பாதியில் இன்னொன்று. இரண்டுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. அந்தக் காலத்தில் எனாமல் கம்பி ஏது? சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க நூலும் காலிகோ துணியும் வைத்துச் சுற்றினார். காலிகோ என்பது நம் பக்கத்துக் கோழிக்கோடுதான். அந்தத் துணி எங்கே நெய்ததோ, பெயர் மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. பாய் பள்ளங்களுக்குள் காகிதம் செருகும்போது இது நினைவுக்கு வந்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

முதல் சுருளில் பேட்டரியை இணைத்ததும் இரண்டாம் சுருளோடு இருந்த ஊசி துள்ளியது. துள்ளி, பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. பேட்டரியை எடுத்தபோது மறுபடி துள்ளியது, இந்த முறை எதிர்ப்பக்கம். நடுவில், மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருந்த நேரம் முழுவதும், ஊசி அசையவே இல்லை. மற்றவர்கள் தவறவிட்டது இதைத்தான். காந்தம் பக்கத்தில் இருப்பதால் ஒன்றும் நடக்காது. காந்தம் மாற வேண்டும். மாறும் காந்தப்புலம் தன்னைச் சுற்றி மின்புலத்தை எழுப்புகிறது. அங்கே கம்பி இருந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும். கம்பி இல்லாவிட்டாலும் மின்புலம் அங்கே இருக்கத்தான் செய்யும்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. ஆகவே பாய் சுற்றிய காயில்களின் காந்தப்புலம் ஓயாமல் மாறுகிறது. மாறுவதோடு நில்லாமல் வட்டமாகவும் நகர்கிறது. பதினான்கு துருவங்கள் என்று கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 428 சுற்று. அது அலுமினியக் கூண்டைக் கடந்து போகும்போது பட்டைகளில் மின்னோட்டம் பிறக்கிறது. பிறந்த மின்னோட்டத்தைக் காந்தப்புலம் தள்ளுகிறது. எந்தப் பக்கம் தள்ளும் என்பதை 1834இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் சொன்னார்: எந்த மாற்றத்தால் பிறந்ததோ அந்த மாற்றத்தைக் குறைக்கும் பக்கம். காந்தப்புலம் தன்னைத் தாண்டி ஓடுவதுதானே மாற்றம்? அதைக் குறைக்க ஒரே வழி கூடவே ஓடுவது. கூண்டு ஓடுகிறது. ஆனால் பிடிக்க முடியாது. பிடித்துவிட்டால் மாற்றம் இராது, மாற்றம் இல்லாவிட்டால் மின்னோட்டம் இராது, தள்ளுவதற்கும் ஆள் இராது. அதனால்தான் 428க்கு எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே நம் விசிறிகள் ஓடுகின்றன.

இந்தப் ‘புலம்’ என்ற சொல்லுக்குத் தமிழில் வயல் என்றும் பொருள் உண்டு. எனக்கு அது முதலில் கடற்கரை மணலாகத்தான் அறிமுகமானது. சிறு வயதில் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை நூலில் கட்டி மெரினா மணலில் இழுத்துக்கொண்டு போவோம். கருமணல் மீசை மீசையாக ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து, காலண்டர் அட்டைமேல் அதைத் தூவி, அடியில் காந்தத்தை வைத்துத் தட்டினால் மணல் வரிவரியாக எழுந்து நிற்கும். ஒரு முனையில் கிளம்பி வளைந்து மறு முனைக்குப் போகும் வரிகள். காந்தம் தொடாத இடத்தில் வரிகள் எப்படி வந்தன என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஃபாரடே கேட்டார். வரிகளை அவர் வெறும் படமாக நினைக்கவில்லை. அந்த வெளியில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்று நம்பினார். கணிதம் தெரிந்த பலருக்கு இது பிடிக்கவில்லை. தொலைவிலிருந்தே ஒன்றையொன்று இழுக்கின்றன, தொலைவின் இருமடிக்கு ஏற்ப விசை குறைகிறது, 1785இல் கூலும் என்பவர் அளந்து காட்டிவிட்டார், இதற்கு மேல் நடுவில் என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவர்கள் கட்சி.

அந்த நான்கு சமன்பாடுகளில் ஒன்று, காஸ் என்ற கணித அறிஞரின் பெயரில் வழங்கும் மின்னூட்ட விதி. அதை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். மின்னூட்டத்திலிருந்து மின்புலக் கோடுகள் கிளம்புகின்றன. ஒரு மூடிய பரப்பின் வழியே எத்தனை வெளியேறுகின்றன என்று எண்ணினால் உள்ளே எவ்வளவு மின்னூட்டம் என்று தெரிந்துவிடும். சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டைத் தூக்கும் சோதனையைப் பள்ளியில் செய்துகாட்டுவார்கள். சென்னைக் காற்றின் ஈரத்தில் அது பாதி நாள் வேலை செய்யாது, ஆசிரியர்தான் பாவம். காந்தத்துக்கு உரிய காஸ் விதி இன்னும் சுருக்கம்: காந்தக் கோட்டுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எங்கள் ஸ்பீக்கர் காந்தம் ஒருநாள் மாடிப்படியில் விழுந்து நான்கானது. வடக்கு ஒருவனுக்கு, தெற்கு ஒருவனுக்கு என்று பங்கு பிரிக்கப் பார்த்தோம். நான்கு துண்டுக்கும் இரண்டிரண்டு முனைகள். அன்றைக்கு அது எங்களுக்கு லாபமாகத் தோன்றியது.

பாய் என் மோட்டாரை எடுத்து மேசையில் வைத்தார். சுவரில் தொங்கிய குண்டு பல்பின் கம்பிகளை என் காயில் முனைகளில் தொட்டார். பல்பு மங்கலாக எரிந்தது. அடுத்த முனைகள். அதுவும் எரிந்தது.

“காயில் நன்றாக இருக்கிறது சார். உங்களிடம் யார் போய்விட்டது என்று சொன்னது? கன்டென்சர்தான் வீக். அரை மணி நேரம் பொறுங்கள், பையனை அனுப்பி வாங்கிவரச் சொல்கிறேன்.”

“கன்டென்சர் போனால் வேகம் குறையுமா பாய்?”

“அது இல்லாவிட்டால் கிளம்பவே கிளம்பாதே. துடைப்பக் குச்சியால் தள்ளிவிட்டால்தான் ஓடும். எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் ஓடும்.”

அவர் சொன்னது அத்தனையும் சரி. ஒரே காயில் வரிசைக்கு மின்சாரம் கொடுத்தால் காந்தப்புலம் நின்ற இடத்தில் எழுந்து எழுந்து அடங்குமே தவிர வட்டமாக ஓடாது. இரண்டாம் வரிசையின் மின்னோட்டம் சற்று முந்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒன்று எழ, ஒன்று விழ, மொத்தமாகப் பார்த்தால் சுழல்வதாக ஆகும். அந்த முந்துதலைச் செய்வது கன்டென்சர், பாடநூலின் மின்தேக்கி. அதற்குள்ளும் இரண்டு உலோகப் பரப்புகள், நடுவே பிளாஸ்டிக். ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டாவது இடைவெளி.

பையன் வரும்வரை எதிரே டீக்கடையில் நின்றேன். மாக்ஸ்வெல்லைப் புரிந்துகொள்ள டீ வடிகட்டியைவிட நல்ல கருவி கிடையாது என்பது என் கருத்து. ஓர் இரும்பு வளையம், அதில் தைத்த துணிப்பை. ஆம்பியர் சொன்ன விதி இதுதான்: வளையத்தின் விளிம்பை ஒட்டி ஒரு சுற்று காந்தப்புலத்தை அளந்தால், துணியைத் துளைத்துப் போகும் மின்னோட்டம் எவ்வளவு என்று தெரியும். சரி. கன்டென்சருக்குப் போகும் கம்பியைச் சுற்றி வளையத்தைப் பிடியுங்கள். துணி விறைப்பாகத் தட்டையாக இருந்தால் கம்பி அதைத் துளைக்கிறது, மின்னோட்டம் உண்டு. அதே துணியைத் தொளதொளவென்று நீளமாக்கி, அதன் அடிப்பகுதி கன்டென்சரின் இரு பரப்புகளுக்கும் நடுவே போகும்படி தொங்கவிடுங்கள். இப்போது துணியைத் துளைப்பது எதுவுமில்லை, மின்னோட்டம் சுழி. வளையம் அதே வளையம். துணி எப்படித் தொங்குகிறது என்பதைப் பொறுத்து வளையத்தின் காந்தப்புலம் மாறுமா? மாறாது. ஆகவே விதியில் ஓட்டை இருக்கிறது. பரப்புகளுக்கு நடுவே ஒன்று மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது, மின்புலம். மாறும் மின்புலத்தையும் ஒரு மின்னோட்டமாகக் கணக்கில் சேர்த்தால் ஓட்டை அடைபடும். இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று அதற்குப் பெயர்.

உண்மையைச் சொன்னால் மாக்ஸ்வெல் இந்த வழியாக அங்கே போகவில்லை. 1861, 1862 ஆண்டுகளில் அவர் மனத்தில் வைத்திருந்தது ஓர் இயந்திரம்: வெளி முழுவதும் சுழலும் சுழல்கள், அவற்றுக்கு நடுவே பல்சக்கரம் போலச் சின்ன உருளைகள். கடிகாரக்காரர் கனவில் வருவது போன்ற ஒரு படம். அந்தச் சுழல்களுக்கு நெகிழும் தன்மை கொடுத்துப் பார்த்தபோது, மாறும் மின்புலத்துக்கான அந்தக் கூடுதல் உறுப்பு சமன்பாட்டில் வந்து விழுந்தது. பிறகு இயந்திரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, 1865 கட்டுரையில் சமன்பாடுகளை மட்டும் வைத்துக்கொண்டார். பாடநூல் சொல்லும் ஒழுங்கான காரணம் பின்னால் வந்தவர்கள் வெள்ளையடித்தது. எனக்கு அந்தப் பழைய உருளைகள்தான் பிடிக்கின்றன.

அதன்பின் நடந்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. மாறும் காந்தப்புலம் மின்புலத்தை எழுப்பும். மாறும் மின்புலம் காந்தப்புலத்தை எழுப்பும். ஒன்றை ஒன்று எழுப்பிக்கொண்டு வெற்றுவெளியில் போய்க்கொண்டே இருக்கலாம். எவ்வளவு வேகத்தில்? அதற்கு வேண்டிய எண்ணை 1856இல் ஜெர்மனியில் வேபரும் கோல்ராஷும் அளந்திருந்தார்கள். ஒரு ஜாடியில் மின்னூட்டத்தைச் சேமித்து, முதலில் அது எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்று பார்த்தார்கள். பிறகு அதைக் கம்பிச் சுருள் வழியே வடியவிட்டு, காந்த ஊசியை எவ்வளவு திருப்புகிறது என்று பார்த்தார்கள். இரண்டு அளவுகளுக்கும் உள்ள விகிதம் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர் என்று ஒரு வேகமாக வந்தது. விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, ஒளி என்ற பேச்சே இல்லாத சோதனை. ஒளியின் வேகத்தைப் பல்சக்கரமும் கண்ணாடியும் வைத்து ஃபிசோ தனியாக அளந்தது 3,14,858 என்று மாக்ஸ்வெல் கையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அந்த மனிதரின் முகம் எப்படி இருந்திருக்கும்! ஒளி என்பதே இந்த அலைதான் என்று எழுதிவிட்டார். இன்று அந்த வேகம் நொடிக்கு 29,97,92,458 மீட்டர்.

1865இல் அவர் எழுதியவை இருபது சமன்பாடுகள். நாம் மனப்பாடம் செய்யும் நான்காக அவற்றைச் சுருக்கியவர் ஹெவிசைட், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து விட்டுவிட்டு வந்தவர், காது மந்தம். அவருக்கு வணக்கம். அலையைக் கண்ணுக்குக் காட்டியவர் ஹெர்ட்ஸ். 1887, 1888 ஆண்டுகளில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில், ஒரு பக்கம் தீப்பொறி தெறிக்கும்போது, சில மீட்டர் தள்ளி, எதனோடும் இணைக்காத ஒரு கம்பி வளையத்தின் சிறு வெட்டில் இன்னொரு பொறி. மூன்றாவது இடைவெளி. அதற்கு 36 ஆண்டுகள் கழித்து, 1924இல், கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் இதே ஊரில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1930இல் மாநகராட்சி அந்தப் பணியை எடுத்துக்கொண்டது.

பையன் வந்தான். பாய் புதிய கன்டென்சரை மாட்டி, மேசைமேலேயே ஓட்டிக் காட்டினார். பழையதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். “அதை என்ன செய்யப் போகிறீர்கள்?” என்றார். மகளுக்கு என்றேன். ப்ளஸ் டூ படிக்கிறாள்.

இரவு விசிறியை மாட்டிவிட்டு, அதனடியில் நானும் அவளும் உட்கார்ந்தோம். முதலில் பழைய கன்டென்சரின் இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டு மிச்சம் மீதி இல்லாமல் செய்துவிட்டு, பிளாஸ்டிக் கூட்டை உடைத்தேன். உள்ளே இறுக்கமாகச் சுருட்டிய ஒரு சுருள். பிரிக்கப் பிரிக்க வெள்ளி ஜரிகை போல வந்துகொண்டே இருந்தது. கூடத்தைத் தாண்டி, சமையலறை வாசல் வரை போயிற்று. இரண்டு நாடாக்கள், ஒன்றன்மேல் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் உலோகப் பூச்சு.

“அப்பா, இந்த நாடாவிலிருந்து அந்த நாடாவுக்குக் கரண்டு போகவில்லை என்றால், விசிறிக்கு எப்படிப் போகும்?”

“சுவிட்சிலிருந்து விசிறிக்கே போகவில்லை.”

முறைத்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. செம்புக் கம்பியில் எலக்ட்ரான்கள் நகர்வது நத்தையைவிட மோசம். ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஓர் ஆம்பியர் போனால் நொடிக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகராது. அதுவும் வீட்டு மின்சாரத்தில் திசை மாறி மாறிப் போவதால், இந்த விசிறிக்குப் போகும் கம்பியில் அவை நின்ற இடத்திலேயே மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. சுவிட்சில் இருக்கும் எலக்ட்ரான் ஆயுளுக்கும் விசிறியைப் பார்க்கப் போவதில்லை. அப்படியானால் ஆற்றல் எந்த வழியாக வருகிறது? 1884இல் பாயின்டிங் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து இருக்கும் வெளி வழியாக. அதாவது கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர் உறை வழியாக, காற்று வழியாக. கம்பி அதற்குக் கரை போட்டுக்கொடுக்கிறது, அவ்வளவே. என் தண்ணீர்க் குழாய் உவமையில் தண்ணீர் குழாய்க்கு வெளியே ஓடியிருக்க வேண்டும்.

அவள் நாடாவின் ஒரு நுனியைத் தூக்கி ட்யூப் லைட்டுக்கு எதிராகப் பிடித்தாள். “இங்கே பாருங்கள், ஓட்டை” என்றாள். ஓட்டை இல்லை. குண்டூசி முனை அளவில் உலோகம் மட்டும் போய், பிளாஸ்டிக் தெளிவாகத் தெரிந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறைய. பிளாஸ்டிக்கில் எங்காவது பலவீனம் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு பொறி தாண்டும். சுற்றியிருக்கும் பூச்சை எரித்துவிட்டு, இடைவெளியைத் தானே மறுபடி காப்பாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பரப்பு துளி குறையும். இத்தனை வருடமாக எங்கள் தலைக்கு மேலே ஓசையில்லாமல் நடந்திருக்கிறது.

எண்ணத் தொடங்கினாள். நாற்பதைத் தாண்டியபோது விசிறிக் காற்றில் நாடா எழுந்து அவள் முகத்தில் சுற்றிக்கொண்டது.